நிழலிலிருந்து உடலை மீட்டவர்: ஜீ.என். இராமச்சந்திரன்

உடம்பில் இரும்பு ஏதும் இருக்கிறதா? எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகுமுன் எல்லோரிடமும் கேட்கப்படும் கேள்வி இது. வன்னியில் பலருக்கு இதற்குப் பதில் ஆம்தான். 2009இல் பட்ட எறிகணைத் துண்டுகளோடு இன்னமும் நடமாடுபவர்கள் நம்மிடையே நிறையப் பேர். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் இரும்புத் துண்டை அசைத்து நரம்பையோ குருதிக்குழாயையோ காயப்படுத்திவிடலாம். சாதாரண எக்ஸ்ரே படம் துண்டு இருப்பதைக் காட்டும். ஆனால் அது முள்ளந்தண்டுக்கு முன்னால் இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்பதைச் சரியாகக் காட்டாது. அதனால் இப்படியானவர்களுக்கு வைத்தியர்கள் பெரும்பாலும் சி.ரி. ஸ்கேனையே நாடுகிறார்கள்.

அந்த இயந்திரத்துக்குள் ஓடிய கணக்கில் தமிழ் பேசும் பௌதிகவியலாளர் ஒருவரின் பெயர் இருக்கிறது. அவர் ஜீ.என். இராமச்சந்திரன்.

1922 ஒக்டோபர் 8ஆம் திகதி எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை அங்கே கல்லூரிக் கணிதப் பேராசிரியர். மகனுக்குக் கணிதப் பித்து வீட்டிலேயே தொற்றியது. திருச்சி புனித வளனார் கல்லூரியில் பௌதிகவியல் படித்து முடித்து, 1942இல் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்தில் மின்பொறியியலுக்குச் சேர்ந்தார். அங்கே சி.வி. இராமன் இருந்தார். இந்தப் பொடியன் பொறியியலுக்கு வேண்டிய அளவைவிடக் கெட்டிக்காரன் என்று பொறியியல் துறைத் தலைவரிடம் சொல்லி, தன் துறைக்கு இழுத்துக்கொண்டாராம். பிறகு கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம், திரும்பவும் பெங்களூர்.

1952இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவரைப் பௌதிகவியல் துறைத் தலைவராக அழைத்தது. வயது முப்பது நிரம்பவில்லை. அழைத்த துணைவேந்தர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார் ஒரு மகப்பேற்று வைத்தியர் என்பதையும் சொல்ல வேண்டும். அங்கேதான் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, தோலையும் தசைநாரையும் ஆக்கும் கொலாஜன் புரதத்தின் முப்புரி வடிவத்தை 1954இல் வெளியிட்டார். ஆய்வுக்கு எடுத்தது கங்காருவின் வால் தசைநார். 1963இல் வெளிவந்த இராமச்சந்திரன் வரைபடம் உயிர் இரசாயனவியல் படிக்கும் எவருக்கும் தெரியும். அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். ஸ்கேன் அறைக்கு உதவியது 1971ஆம் ஆண்டு வேலை.

அதை விளங்கிக்கொள்ள ஒரு குப்பி விளக்கு போதும். மின்சாரம் இல்லாத காலத்தில் வளர்ந்தவர்களுக்குச் சுவரில் விழும் நிழல் பழக்கமானது. ஒரு பொருளைச் சுற்றி விளக்கைக் கொண்டுபோனால் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒரு நிழல் கிடைக்கும். எக்ஸ்ரேயின் நிழலில் இன்னொரு தகவலும் உண்டு. கதிர் கடந்துவந்த பாதையில் எவ்வளவு தடிப்பு, எவ்வளவு அடர்த்தி என்பது அந்த நிழலின் கருமையில் பதிந்திருக்கும். இந்த நிழல்களை எல்லாம் வந்த திசையிலேயே திருப்பி இழுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் உள்ளே இருக்கும் பொருள் தெரிய வேண்டும். தெரியும், ஆனால் புகை மூடியதுபோல.

இந்தப் புகையை நீக்க அப்போது தெரிந்த வழிகள் கணினிக்குப் பெரும் சுமை. பெங்களூரிலும் சிக்காகோவிலும் பணியாற்றிய அந்தக் காலத்தில் இராமச்சந்திரனும் ஏ.வி. இலட்சுமிநாராயணனும் எளிய வழியொன்றைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு நிழலையும் திருப்பி இழுக்குமுன், ஓர் எண் வரிசையால் திருத்திவிட வேண்டும். நடுவில் ஒரு நேர் எண். இருபக்கமும் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போகும் மறை எண்கள், இடையில் உள்ளவை பூச்சியம். அவ்வளவுதான். பூரியர் கணிதம் என்றாலே ஒதுங்கிப்போகும் என்னைப் போன்ற ஊடகப் படிப்புக்காரருக்கும் இது பிடிபடுகிறது. எல்லா நிழல்களும் சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது பெரிய இலாபம். ஒரு நிழல் வந்ததும் திருத்திப் போடலாம், அடுத்தது வரும். அவர் எழுதிய இன்னொரு கட்டுரையின் தலைப்பே நிழலிலிருந்து பொருளை மீட்டெடுத்தல் என்ற பொருளில் அமைந்தது.

அதே 1971 ஒக்டோபரில் லண்டனில் கோட்ஃபிரி ஹவுன்ஸ்ஃபீல்ட் முதல் நோயாளியின் தலையை ஸ்கேன் செய்தார். 1979இல் அவருக்கும் அலன் கோர்மக்குக்கும் நோபல் கிடைத்தது. இராமச்சந்திரனுக்கு இல்லை. இதை ஓர் அநீதியாகவே சொல்லி ஆதங்கப்படுபவர்கள் உண்டு. ஆனால் ஹவுன்ஸ்ஃபீல்ட் இயந்திரத்தைக் கட்டியது வேறொரு கணக்கு முறையில். கோர்மக்கின் கட்டுரைகள் 1963, 1964இலேயே வந்துவிட்டன. வானொலி வானியலில் பிரேஸ்வெல் என்பவரும் 1967இல் இதே வழியைக் கண்டிருந்தார். இராமச்சந்திரனின் பங்கைச் சொல்ல மற்றவர்களைக் குறைக்கத் தேவையில்லை. பின்னால் வந்த இயந்திரங்கள் பல பத்தாண்டுகளாக இயங்கியது அந்த எண் வரிசையிலும் அதைச் சற்று மாற்றிய வடிவங்களிலும்தான்.

அந்த முறைக்கு ஒரு பலவீனமும் உண்டு, அது நம்மவர்களைத் தொடுவது. உலோகம் கதிரைக் கிட்டத்தட்ட முழுதாக மறித்துவிடுகிறது. அந்தப் பாதையில் என்ன இருந்தது என்ற தகவல் இயந்திரத்துக்கு வருவதேயில்லை. திருத்தப் போட்ட எண்களால் அந்த இழப்பைச் சரிசெய்ய முடியாமல், துண்டைச் சுற்றிச் சூரியக் கதிர்போல வெள்ளையும் கறுப்புமாகக் கீற்றுகள் விழுகின்றன. துண்டு எங்கே என்பது தெரியும், அதை ஒட்டியிருக்கும் நரம்பு தெரியாது. எடுப்பதா, அப்படியே விடுவதா என்று வைத்தியர் முடிவெடுக்கும் இடத்தில்தான் இந்தக் கீற்று வந்து விழும். கணினிகள் வேகம் பெற்ற பின், படத்தைத் திரும்பத் திரும்பக் கணித்துச் சீராக்கும் முறைகள் புதிய இயந்திரங்களில் வந்திருக்கின்றன. அவை கதிரின் அளவையும் கீற்றுகளையும் குறைக்கின்றன. எல்லா வைத்தியசாலைகளிலும் புதிய இயந்திரம் இல்லை.

இராமச்சந்திரனின் கடைசி ஆண்டுகள் கடினமானவை. பார்க்கின்சன் நோய் பிடித்திருந்தது. 1998இல் மனைவி இராஜலட்சுமியை இழந்தார். 2001 ஏப்ரல் 7ஆம் திகதி சென்னையில் காலமானார்.

அந்த எண் வரிசைக்கு இரண்டு பேரின் பெயரையும் சுருக்கி ராம்-லாக் வடிகட்டி என்று பெயர். மற்லாப் மென்பொருளில் நிழல்களிலிருந்து படத்தை மீட்கும் கட்டளையைக் கொடுத்து, வேறெதையும் தெரிவு செய்யாமல் விட்டால் தானாக ஓடுவது அதுதான். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் பொறியியல் பீடத்து மாணவி ஒருத்தி நாளைக்கு அந்தக் கட்டளையைத் தட்டினாலும் அவர்கள் இருவரும்தான் வந்து வேலை செய்வார்கள்.