ஆகாயத் தபால்காரர் டாட்டா

தாராவித் தமிழர் வீடுகளில் ஊர்க்கதை பேசினால் அதில் ரயில் வராமல் இராது. என் தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து இங்கே தோல் பட்டறையில் உழைத்த நாளில், ஊரில் அவருடைய தாயார் இறந்துபோனார். தந்தி கண்டு ரயிலேறியவர் ஊர் சேர்ந்தது மூன்றாம் நாள். எல்லாம் முடிந்திருந்தது. இக்கதையைப் பலமுறை கேட்ட நான், பம்பாய்க்கும் சென்னைக்கும் இடையே முதன்முதலில் ஆகாய வழி வகுத்தவர் யார் என்று தேடினேன். கிடைத்தவர் ஜே. ஆர். டி. டாட்டா.

1904 ஜூலை 29 அன்று பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை பார்சி, தாய் பிரெஞ்சு மாது. ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்த பிளேரியோ, கோடை காலத்தில் இவர்களுக்கு அண்டை வீட்டார். பையனுக்குப் பறக்கும் பித்துப் பிடித்ததில் வியப்பென்ன? 1929 பிப்ரவரியில் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமம் இவர் கைக்கு வந்தது.

1929இல் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியே பறப்பவருக்கு ஆகாகான் பரிசு அறிவித்தார். எகிப்தில் இறங்கிய டாட்டா, எதிர்த் திசையில் வந்த போட்டியாளர் ஆஸ்பி என்ஜினியர் ஸ்பார்க் பிளக் இன்றித் தவிப்பதைக் கண்டு, தம்மிடமிருந்ததைக் கொடுத்தார். பரிசு ஆஸ்பிக்குப் போயிற்று! டாட்டாவின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1932 அக்டோபர் 15. லண்டனிலிருந்து கராச்சி வந்த தபாலை ஒற்றை எஞ்சின் 'புஸ் மாத்' விமானத்தில் ஏற்றிக்கொண்டு காலையில் கிளம்பினார். ஆமதாபாத்தில் பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்தன. பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்று முன் ஜுஹு மண்தரையில் இறங்கினார். அங்கிருந்து சென்னைக்குத் தபாலைக் கொண்டுபோனவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட். 1942இல் வான்பயணத்திலேயே மறைந்த அவரை நம்மவர் யாரும் நினைப்பதில்லை.

விஞ்ஞான மாணவனல்லவா, கணக்குப் போட்டுப் பார்த்தேன். பம்பாய்–சென்னை ஆகாய தூரம் சுமார் 1,030 கிலோமீட்டர். அந்த விமானம் மணிக்குச் சுமார் 160 கிலோமீட்டர் செல்லும். ஆக, பறக்கும் நேரம் ஆறரை மணிதான். ஆயினும் தபால் மறுநாள்தான் சென்னை சேர்ந்தது. ரேடியோ இல்லை, வழிகாட்டும் விளக்கில்லை. இருட்டினால் பறக்க முடியாது. ஆகவே பெல்லாரியில் ஓர் இரவு தங்கல். மழைக்காலத்தில் ஜுஹு சேறாகிவிடும். விமானங்கள் பூனாவுக்குக் குடிபெயரும்.

1948 ஜூனில் அவருடைய ஏர் இந்தியா இன்டர்நேஷனல் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜினீவா வழியே லண்டன் பறந்தது. 1953இல் அரசு அதைத் தேசியமயமாக்கியது; அவரே தலைவராக நீடித்தார். 1978இல் அப்பதவியிலிருந்து நீக்கப்பட்டார். இதற்கிடையே, 1945இல் ஹோமி பாபா தொடங்கிய அடிப்படை ஆராய்ச்சி நிலையத்துக்கும் துணை நின்றார். இதைச் சொல்லாவிட்டால் பௌதிகம் படிக்கும் நான் நன்றி கொன்றவனாவேன். 1982இல், எழுபத்தெட்டாம் வயதில், கராச்சி–பம்பாய்ப் பயணத்தைப் பழைய 'லெப்பர்ட் மாத்' விமானத்தில் மீண்டும் நடத்திக் காட்டினார். 1992இல் பாரத ரத்னா. 1993 நவம்பரில் ஜினீவாவில் மறைவு.

சென்ற ஆண்டு ஊரில் தாத்தா காலமானார். உதவித்தொகைப் பணத்தில் முதன்முறையாக விமானமேறினேன். சென்னைக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அங்கிருந்து ஊருக்கு இரவு முழுதும் பஸ். விடிந்து இறங்கியபோது, எனக்காகத் தூக்காமல் வைத்திருந்தார்கள்.