துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை
வீராம்பட்டினத்தை அடுத்த அரிக்கமேட்டில் பண்டு உரோமரோடு வாணிகம் நடந்தது. அதற்கு வடக்கேயுள்ள புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்க்குத் துணி விற்றுப் புகழ்கொண்டவர் ஆனந்தரங்கப் பிள்ளை ஆவர்.

இவர் 1709-ஆம் ஆண்டு, திருவேங்கடம் பிள்ளைக்கு மகனாய்ச் சென்னைப் பெரம்பூரிற் பிறந்தார். பிரெஞ்சுக் கும்பினி தம் நாட்டரசின் ஆணைபெற்றது. அது வணிகர்க்கு முன்பணம் ஈந்து, வந்த துணியை மாதிரியோடு ஒப்பிட்டுக் குறையுள்ளதைத் தள்ளிவிடும். நெய்வோர்க்கும் கும்பினிக்கும் நடுவே நிற்றல் எளிதன்று. பிள்ளையவர்களோ பரங்கிப்பேட்டை நீலத்துணிச் சாலையை நடத்தியும், ஆர்க்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் பண்டசாலை நிறுவியும் அவ்வருமையை வென்றார்.

கிறிஸ்தவரல்லாதார்க்குத் தலைமைத் துபாஷி வேலை ஆகாதெனப் பாதிரிமார் தடுத்தனர். எனினும் கனகராய முதலியார் 1746-இல் இறந்தபின், துய்ப்ளேக்ஸ் துரை அதனை இவருக்கே அளித்தார். மதம் நோக்காது திறம் நோக்கிய அச்செயலைக் கிறிஸ்தவ மாணவராகிய யாமும் போற்றுகின்றோம்.

1736 முதல் இவர் தினப்படிச் செய்திகளைத் தமிழில் எழுதிவந்தார். 1756-இல் பதவி நீங்கினார். 1761 ஜனவரி 12-இல் உயிர் நீத்தார். நான்காம் நாள் நகரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. வாங்கினவர் கொடி இறங்கிற்று. விற்றவர் எழுதிய ஏடோ இன்றும் நிலைத்துள்ளது. நம் நாட்குறிப்பில் யாம் எதனை எழுதுகின்றோம்?