மூட்டை நிறைய இரும்பு கொண்டுவந்த ஹோண்டா

ஹோண்டா என்றதும் உங்களுக்கு மோட்டார் சைக்கிள் நினைவுக்கு வரும். சிலருக்குக் கார் நினைவுக்கு வரும். அது ஒரு மனிதரின் பெயர் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவருடைய முழுப் பெயர் சோய்ச்சிரோ ஹோண்டா. பெரிய படிப்பு எதுவும் படிக்காதவர். கையெல்லாம் கிரீஸ் அப்பிக்கொண்டு திரிந்த மெக்கானிக். அவருடைய கதையைத்தான் இப்போது படிக்கப் போகிறீர்கள்.

1906ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் தேதி, ஜப்பானில் ஹமமாட்சு நகருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறு கிராமத்தில் ஹோண்டா பிறந்தார். அப்பா கிஹெய் கொல்லுப் பட்டறை வைத்திருந்தார். பிறகு சைக்கிள் பழுது பார்க்கும் கடையும் நடத்தினார். அம்மா மிக்கா தறி நெய்பவர். உலையும் சம்மட்டியும் உடைந்த சைக்கிள்களும்தான் சிறுவன் ஹோண்டாவின் விளையாட்டுச் சாமான்கள்.

ஒருநாள் அந்தக் கிராமத்துக்கு முதல் முறையாக ஒரு மோட்டார் கார் வந்தது. அமெரிக்காவின் ஃபோர்டு கார். புழுதியைக் கிளப்பிக்கொண்டு போன அந்தக் காரின் பின்னாலேயே ஹோண்டா ஓடினான். கார் நின்ற இடத்தில் சில சொட்டு எண்ணெய் சிந்திக் கிடந்தது. மண்டியிட்டு அதை முகர்ந்து பார்த்தான். அந்த வாசனையை அவர் கடைசிவரை மறக்கவில்லை. நமக்கு மல்லிகைப்பூ வாசனை பிடிப்பது போல, அவருக்கு எஞ்சின் எண்ணெய்!

1922இல் பள்ளிப் படிப்பு முடிந்ததும் டோக்கியோவில் ஒரு கார் பழுது பார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஆனால் அங்கே கிடைத்த முதல் வேலை என்ன தெரியுமா? முதலாளியின் குழந்தையைப் பார்த்துக்கொள்வது! கையில் ஸ்பேனர் பிடிக்க ஆசைப்பட்டவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மற்றவர்கள் வேலை செய்வதை வேடிக்கை பார்த்தார். மெல்ல மெல்லத்தான் வேலையைத் தொட விட்டார்கள். அந்தக் கடைக்கு வந்த கார்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செய்தவை. ஆகவே ஹோண்டா தொழில் கற்றதே வெளிநாட்டு எஞ்சின்களைப் பிரித்துப் பிரித்துத்தான்.

ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1928இல், அதே கடையின் கிளையை ஹமமாட்சுவில் தொடங்கினார். வியாபாரம் நன்றாக நடந்தது. ஆனால் மற்றவர்கள் செய்த வண்டியைச் சரி செய்துகொண்டே இருப்பது அவருக்கு அலுத்துவிட்டது. தானே ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. பிஸ்டன் ரிங் செய்வது என்று முடிவெடுத்தார்.

எஞ்சினுக்குள் மேலும் கீழும் ஓடும் உலோக உருளைக்குப் பிஸ்டன் என்று பெயர். அதைச் சுற்றி மோதிரம் போல இருக்கும் வளையம்தான் பிஸ்டன் ரிங். பார்ப்பதற்கு ஒன்றும் பெரிய விஷயமாகத் தெரியாது. வட்டமாக வளைத்துவிட்டால் போதும் என்றுதான் ஹோண்டாவும் நினைத்தார். இரவு பகலாக உழைத்தார். செய்த ரிங்குகள் எல்லாம் கல் போல இறுகின. சரிப்பட்டு வரவில்லை. கையிலிருந்த பணம் கரைந்தது.

கடைசியில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய்த் தம்முடைய ரிங்கைக் காட்டினார். சோதித்துப் பார்த்ததில் உலோகத்தில் சிலிக்கான் போதவில்லை என்று தெரிந்தது. வடிவத்தைக் கண்ணால் பார்த்துச் செய்துவிடலாம். உலோகத்துக்குள் என்ன கலந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாதே! முப்பது வயதுக்கு மேல், சின்னப் பையன்களோடு வகுப்பில் உட்கார்ந்து உலோகங்களைப் பற்றிப் படித்தார். தேர்வு எழுத மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்ததால் கல்லூரியை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்பது வேறு கதை. (இதை மட்டும் அம்மாவிடம் சொல்லாதீர்கள்.)

பிறகும் உடனே வெற்றி கிடைக்கவில்லை. டொயோட்டா நிறுவனத்துக்கு 50 ரிங்குகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார். தேறியவை எத்தனை? மூன்றே மூன்று! மனம் தளராமல் இரும்பு ஆலைகள், பல்கலைக்கழகங்கள் என்று அலைந்து, தரமான ரிங் செய்யக் கற்றுக்கொண்டார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. குண்டு வீச்சில் அவருடைய ஒரு தொழிற்சாலை நாசமானது. 1945 ஜனவரியில் வந்த நிலநடுக்கத்தில் இன்னொன்று இடிந்தது. மிச்சம் மீதியை டொயோட்டாவுக்கு விற்றுவிட்டு ஓராண்டு சும்மா இருந்தார்.

போர் முடிந்தபோது ஜப்பானில் எதற்கும் பஞ்சம். ரயிலில் நிற்க இடமில்லை. அரிசி தேடி மக்கள் மைல் கணக்கில் சைக்கிள் மிதித்தார்கள். அந்தச் சமயத்தில் ஹோண்டாவின் கண்ணில் பட்டது ஒரு குட்டி எஞ்சின். ராணுவத்தின் கம்பியில்லாத் தந்திக் கருவிகளுக்கு மின்சாரம் தரச் செய்தது. போர் முடிந்ததும் கேட்பாரற்றுக் கிடந்தது. அதைச் சைக்கிளில் பொருத்தினார். பெட்ரோல் டாங்க் வேண்டுமே? ஜப்பானில் குளிர்காலத்தில் போர்வைக்குள் வைத்துக்கொள்ளும் வெந்நீர்க் குடுவை இருக்கும். அதையே டாங்க் ஆக்கிவிட்டார்! பெட்ரோலும் தட்டுப்பாடு. பைன் மர வேரிலிருந்து எடுத்த எண்ணெயைக் கலந்து ஓட்டினார்கள். புகையும் நாற்றமும் தாங்காது. ஆனாலும் மக்கள் தேடி வந்து வாங்கினார்கள்.

அப்படி அவருக்குக் கிடைத்தவை சுமார் 500 எஞ்சின்கள். அவை தீர்ந்ததும் என்ன செய்வது? 1947இல் சொந்தமாக ஓர் எஞ்சினைச் செய்தார். 1948இல் ஹோண்டா மோட்டார் நிறுவனம் பிறந்தது. அடுத்த ஆண்டு தக்கேயோ ஃபுஜிசாவா என்பவர் கூட்டாளியாக வந்து சேர்ந்தார். பணக் கணக்கையும் விற்பனையையும் அவர் பார்த்துக்கொள்ள, ஹோண்டா பட்டறையே கதி என்று இருந்தார்.

குழந்தைகளே, இனிமேல்தான் கதையின் முக்கியமான கட்டம்.

1950களின் தொடக்கத்தில் ஜப்பானுக்குள் வெளிநாட்டு வண்டிகள் வந்தன. அவை வேகமாக ஓடின, அடிக்கடி பழுதாகவில்லை. உள்நாட்டு வண்டிகள் அவற்றுக்கு ஈடு கொடுக்க முடியாமல் திணறின. வண்டி செய்பவர்களில் பலர், வெளிநாட்டு வண்டிகளை உள்ளே விடாதீர்கள் என்று அரசிடம் முறையிட்டார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. போரில் தோற்ற நாடு. கையில் டாலர் கிடையாது. அப்போதுதான் எழுந்து நிற்கும் தொழிற்சாலைகளை, நன்றாக வளர்ந்த தொழிற்சாலைகளோடு ஓடச் சொன்னால் எப்படி?

ஹோண்டா அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. நல்ல பொருளுக்கு நாட்டின் எல்லை தடையாகாது என்பது அவருடைய கருத்து. மட்டமான வண்டியைச் செய்துவிட்டு, நம் நாட்டுப் பொருள் என்பதற்காக வாங்குங்கள் என்று மக்களைக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. வெளிநாட்டு வண்டி நம்மை விட நன்றாக இருந்தால், அதை விட நன்றாகச் செய்வதுதான் வழி என்றார். ஆனாலும் ஜப்பான் அரசு வண்டி இறக்குமதியைப் பல ஆண்டுகள் கட்டுப்படுத்தியே வைத்திருந்தது. ஹோண்டா கேட்காவிட்டாலும் அந்தப் பாதுகாப்பின் பலன் அவருக்கும் கிடைத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

சரி, நன்றாகச் செய்ய என்ன வேண்டும்? நல்ல கருவிகள் வேண்டும். வளைந்த அளவுகோலை வைத்துக்கொண்டு உங்களால் நேர்கோடு போட முடியுமா? அதுபோல, ஆட்டம் கண்ட பழைய லேத்தில் துல்லியமான எஞ்சின் பாகத்தைக் கடைய முடியாது. அப்போது ஜப்பானில் இருந்த கடைசல் இயந்திரங்கள் பல ஓய்ந்து போனவை.

ஆகவே ஹோண்டாவும் ஃபுஜிசாவாவும் ஒரு துணிச்சலான முடிவு எடுத்தார்கள். அமெரிக்கா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து நாடுகளிலிருந்து மிகச் சிறந்த இயந்திரங்களை வாங்குவது. விலை எவ்வளவு? மொத்தம் 45 கோடி யென்! அந்த முடிவை எடுத்தபோது நிறுவனத்தின் மூலதனம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பத்து ரூபாய் கையில் வைத்துக்கொண்டு நூறு ரூபாய்க்கு மேல் பொருள் வாங்குவது போல. 1952இல் ஹோண்டாவே அமெரிக்கா போய் இயந்திரங்களைப் பார்த்து வாங்கினார்.

அவர் மனத்தில் ஓர் எண்ணம் இருந்தது. நம் நிறுவனம் நொடித்துப் போனாலும் போகட்டும். அந்த இயந்திரங்கள் ஜப்பானில்தானே இருக்கும்? வேறு யாராவது அவற்றை வைத்து வேலை செய்வார்கள். நாட்டுக்கு நஷ்டமில்லை. ஆடம்பரப் பொருள் வாங்கினால் டாலர் அதோடு போச்சு. பொருள் செய்யும் இயந்திரத்தை வாங்கினால் அது பல ஆண்டுகள் உழைத்துத் திருப்பித் தரும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கடன்காரர்கள் வாசலில் நிற்பார்களே! 1954இல் அதுதான் நடந்தது. நிறுவனம் புதிதாக வெளியிட்ட ஜூனோ ஸ்கூட்டர் சூடேறி நின்றது. இன்னொரு வண்டியின் எஞ்சினில் கோளாறு. சைக்கிளில் பொருத்தும் எஞ்சினின் விற்பனையும் விழுந்தது. இயந்திரங்களுக்குப் பணம் கட்ட வேண்டிய நேரமும் அதுவே. நிறுவனம் மூடப்படும் நிலைக்கு வந்துவிட்டது.

அந்த நேரத்தில் ஹோண்டா எங்கே இருந்தார் என்று நினைக்கிறீர்கள்? இங்கிலாந்துக்கு அருகில் இருக்கும் மேன் தீவில்! அங்கே ஆண்டுதோறும் நடக்கும் டி.டி. மோட்டார் சைக்கிள் பந்தயம் உலகப் புகழ் பெற்றது. அதில் கலந்துகொண்டு ஜெயிப்போம் என்று அந்த ஆண்டு மார்ச்சில்தான் ஹோண்டா அறிவித்திருந்தார். ஜூனில் பந்தயத்தை நேரில் பார்க்கப் போனவர் திகைத்து நின்றுவிட்டார். அதே அளவு எஞ்சின்தான். ஆனால் ஜெர்மானிய, இத்தாலிய வண்டிகளின் சக்தி ஹோண்டாவின் வண்டியைப் போல மூன்று மடங்கு இருந்தது!

வாயை மூடிக்கொண்டு ஊர் திரும்பியிருக்கலாம். அவர் என்ன செய்தார் தெரியுமா? இங்கிலாந்து, ஜெர்மனி, இத்தாலி என்று சுற்றி, சக்கர ரிம், டயர், சங்கிலி, கார்புரேட்டர் என்று பந்தய வண்டியின் பாகங்களைத் தேடித் தேடி வாங்கினார். அந்த வேகத்தைத் தாங்கும் பாகங்கள் அப்போது ஜப்பானில் கிடையாது.

ரோம் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டார். பெட்டியின் எடை அளவுக்கு மேல் இருந்தது. கூடுதல் கட்டணம் கட்டப் பணமில்லை. எத்தனையோ சொல்லிப் பார்த்தும் அதிகாரி மசியவில்லை. உடனே பெட்டியைத் திறந்தார். துணிகளை எல்லாம் எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அணிந்துகொண்டார். கோடை வெயில் வேறு! வியர்த்து விறுவிறுத்து, ஆனால் ஒரு பாகத்தைக்கூட விட்டுவிடாமல் விமானம் ஏறினார். பிற்காலத்தில் இதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

அந்தப் பயணத்தில் அவர் கொண்டுவந்த இன்னொரு பொருள் மிகச் சிறியது. ஒரு தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தபோது தரையில் கிடந்த திருகாணி அது என்பார்கள். அதன் தலையில் ஒற்றைக் கோடு இல்லை. கூட்டல் குறி இருந்தது. நாம் ஸ்டார் ஸ்க்ரூ என்கிறோமே, அதேதான். ஒற்றைக் கோடு உள்ள திருகாணியில் திருப்புளி வழுக்கிக்கொண்டு போகும். கூட்டல் குறியில் அது நடுவில் கச்சிதமாக உட்காரும். அதனால் இயந்திரத்தைக் கொண்டே வேகமாக முடுக்கலாம். நூற்றுக்கணக்கான திருகாணிகளை முடுக்கும் தொழிற்சாலையில் எவ்வளவு நேரம் மிச்சமாகும், யோசித்துப் பாருங்கள்!

ஊரில் ஃபுஜிசாவா நிலைமையைச் சமாளித்துக்கொண்டிருந்தார். பாகங்கள் செய்து தரும் சிறு பட்டறைக்காரர்களை அழைத்து, உண்மையை மறைக்காமல் சொல்லி அவகாசம் கேட்டார். வங்கியும் கைவிடவில்லை. நிறுவனம் தப்பியது. 45 கோடி யென் இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. மூட்டையில் வந்த பாகங்களைப் பிரித்து ஆராய்ந்தார்கள்.

1958இல் சூப்பர் கப் என்ற சிறிய வண்டி வெளிவந்தது. அதற்கு 17 அங்குலச் சக்கரம் வேண்டும் என்றார் ஹோண்டா. அந்த அளவு டயர் ஜப்பானில் யாரும் செய்யவில்லை. பெரிய டயர் நிறுவனங்கள் மறுத்துவிட்டன. இந்த முறை அவர் வெளிநாட்டுக்குப் போகவில்லை. உள்ளூரில் ஒரு சிறிய நிறுவனம் துணிந்து செய்து கொடுத்தது. சூப்பர் கப் வண்டிகளின் எண்ணிக்கை 2017இல் 10 கோடியைத் தாண்டியது. அந்த டயர்காரருக்கு எப்படி இருந்திருக்கும்!

மேன் தீவு என்ன ஆயிற்று? 1959இல் ஹோண்டா அணி முதல் முறையாகக் கலந்துகொண்டு ஆறாம் இடம் பிடித்தது. 1961இல் 125 சிசி, 250 சிசி என்ற இரண்டு பந்தயங்களிலும் முதல் ஐந்து இடங்கள் முழுவதும் ஹோண்டாவுக்கே! பிரிட்டனில் ஹோண்டா வண்டியை வாங்கிப் பிரித்துப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். கைக்கடிகாரம் போல அத்தனை துல்லியம். எந்த வண்டியையும் பார்த்துச் செய்ததாகவும் தெரியவில்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன் அவர்கள் பாகங்களை இவர் பிரித்துப் பார்த்தார். இப்போது இவர் வண்டியை அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள்.

1973இல் ஹோண்டாவும் ஃபுஜிசாவாவும் ஒன்றாக ஓய்வு பெற்றார்கள். பிறகு ஹோண்டா நாடு முழுவதும் போய், பட்டறைகளிலும் கடைகளிலும் வேலை செய்பவர்களைச் சந்தித்துக் கை குலுக்கினார். எண்ணெய்க் கையோடு நீட்டத் தயங்கியவர்களின் கையையும் ஆசையாகப் பிடித்துக்கொள்வாராம். 1991ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் தேதி, 84ஆம் வயதில் காலமானார்.

அதற்கு முன்பே, 1984இல், ஹோண்டா நம் நாட்டின் ஹீரோ நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்திருந்தது. அடுத்த ஆண்டு சிடி 100 மோட்டார் சைக்கிள் வந்தது. உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ ஓட்டியிருக்கலாம். தொடக்கத்தில் பல பாகங்கள் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தன. பிறகு ஒவ்வொன்றாக இந்தியப் பட்டறைகளிலேயே செய்யத் தொடங்கினார்கள். ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவதாக 2010இல் அறிவித்தபோது, இரண்டுமே இங்கே சொந்தமாக வண்டி விற்கும் அளவுக்கு வளர்ந்திருந்தன.