கார்னரினும் குடையில் விழுந்த துளையும்



விடுதியில் பொழுதுபோக்காக இராக்கெட்டு செய்யும் நாங்கள் சிலர் அவற்றுக்கு வான்குடையும் தைக்கிறோம். பழைய குடைத் துணியும் எட்டு நூல்களுமே மூலதனம். அதைப் பார்க்கும் முதலாண்டு மாணவர்கள் தவறாமல் ஒன்று கேட்பார்கள்: காற்றைத் தாங்க வேண்டிய துணியின் உச்சியில் ஓட்டை எதற்கு? நியாயமான கேள்விதான். 300 கிராம் எடையுள்ள இராக்கெட்டு விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இறங்க, ஏறத்தாழ 58 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள குடை வேண்டும். அதன் நடுவில் 12 சென்டிமீட்டர் வட்டம் ஒன்றை வெட்டி எடுத்தால் பரப்பில் நூற்றுக்கு நான்கு பங்கு போகிறது. அந்த நான்கை இழந்து நாம் பெறுவது என்ன? இதற்கு விடை சொல்ல ஒருவருடைய வாழ்க்கையைத்தான் நான் சொல்ல வேண்டும்.

ஆந்த்ரே ஜாக் கார்னரின் 1769 ஜனவரி 31 அன்று பாரிஸ் நகரில் பிறந்தார். மோங்கோல்பியே சகோதரர்களின் பலூன் 1783-இல் மேலே கிளம்பியபோது அவருக்கு வயது பதினான்கு. ஹைட்ரஜன் பலூனைக் கண்ட சார்லஸ் என்னும் பேராசிரியரிடம் பௌதிகம் பயின்றார். பிறகு புரட்சிப் படையில் சேர்ந்து, பகைவரிடம் அகப்பட்டு, ஹங்கேரி நாட்டில் பூடா கோட்டையில் மூன்றாண்டளவு சிறை கிடந்தார். மதில் உயரம், குதித்தால் சாவு. குதித்தும் சாகாதிருக்க வழியுண்டா என்று அங்கே அவர் எண்ணலானார். அந்த வழியில் அவர் தப்பவில்லை. விடுதலை பெற்றே வெளியே வந்தார். ஆனால் எண்ணம் அவரோடு கூடவே வந்துவிட்டது.

வான்குடை அவருக்கு முன்பே உண்டு. 1783-இல் லெனோர்மான் என்பவர் மான்பெல்லியே நகரக் கோபுரத்திலிருந்து குதித்துக் காட்டினார். ‘பாராசூட்’ என்று பெயரிட்டவரும் அவரே. ஆனால் அது மரச்சட்டத்தில் கட்டிய குடை. கார்னரினுடையதோ சட்டமில்லாத வெறுந்துணி, ஏழு மீட்டர் அகலம். மடக்கிய குடைபோலத் தொங்கும் அதைக் காற்றே விரித்துக்கொள்ள வேண்டும். விரியாவிட்டால்? அந்தக் கேள்விக்குத் தரையில் நின்று விடை காண முடியாது.

1797 அக்டோபர் 22. பாரிஸில் மோன்சோ பூங்காவில் கூட்டம் கூடியிருந்தது. பலூனின் அடியில் குடை, குடையின் அடியில் சிறு கூடை, கூடைக்குள் கார்னரின். ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் அவர் கயிற்றை அறுத்தார். பலூன் மேலே பாய்ந்து வெடித்தது. குடை விரிந்தது! விரிந்ததோடு தொல்லை தீரவில்லை. கூடை கடிகார ஊசலைப்போல இப்புறமும் அப்புறமும் வீசி ஆடியது. தரையில் மோதி இழுபட்ட பிறகே நின்றது. உள்ளிருந்தவர் உயிரோடு எழுந்து வந்தார்.

ஏன் ஆடியது? துணிக்குள் அடைபட்ட காற்று எங்காவது வெளியேற வேண்டும். மேலே வழியில்லை; ஆகவே விளிம்பின் ஒரு பக்கமாக வழிகிறது. உடனே குடை சாய்கிறது. பிறகு மறுபக்கம் வழிகிறது. அந்தப் பக்கம் சாய்கிறது. உச்சியில் சிறு துளையிட்டால் நடுவழியே காற்று சீராகப் போய், ஆட்டம் பெரிதும் அடங்கும். இந்த யோசனையைச் சொன்னவர் வானியல் அறிஞர் லாலாந்து என்பர். எங்கள் இராக்கெட்டுக்கும் இதுவே கதி: ஆடிக்கொண்டு இறங்கினால் வால் சிறகு பக்கவாட்டில் தரையில் அறைந்து உடையும்.

கார்னரினைச் சிலர் வேடிக்கை காட்டிக் காசு சேர்த்தவர் என்பார்கள். காட்சிக்குக் கட்டணம் வாங்கியது உண்மைதான். ஆனால் சோதனைப் பொருளாகத் தொங்கியது அவருடைய சொந்த உடல் என்பதை நான் மறக்கமாட்டேன். ஒரு பெண்ணைப் பலூனில் ஏற்றிச் செல்வேன் என்று 1798-இல் அவர் அறிவித்தபோது, உயரத்தின் மெல்லிய காற்றைப் பெண்ணுடல் தாங்குமா என்று பாரிஸ் அதிகாரிகள் கவலைப்பட்டுத் தடை விதித்தார்கள். (ஆணும் பெண்ணும் தனியே மேகத்துக்குள் போவது முறையா என்ற கவலையும் சேர்ந்திருந்தது!) தடை நீங்கி அந்தப் பயணமும் நடந்தது. அவருடைய மாணவியும் பின்னாளில் மனைவியுமான ழான் லப்ரோஸ் அம்மையார் 1799 அக்டோபர் 12 அன்று ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலிருந்து குடையில் இறங்கினார். வான்குடையில் இறங்கிய முதல் பெண் அவரே. 1802-இல் கணவருக்காகக் காப்புரிமை விண்ணப்பம் கொடுத்தவரும் அவர்தான்.

அதே 1802 செப்டம்பரில் கார்னரின் லண்டன் மாநகரில் குதித்தார். அங்கும் பயங்கர ஆட்டம்; காயத்தோடு இறங்கினார். 1804-இல் நெப்போலியன் முடிசூட்டு விழாவுக்காக அவர் பறக்கவிட்ட ஆளில்லாப் பலூன் தானாக ரோமாபுரி அருகே போய் விழுந்தது. பிறகு அரச ஆதரவு அவரைவிட்டுப் போயிற்று. 1823 ஆகஸ்டு 18 அன்று, பலூன் ஒன்றைச் செய்துகொண்டிருந்த இடத்தில் மர உத்தரம் தாக்கி இறந்தார். ஆகாயம் விட்டுவைத்தவரைத் தரையில் கிடந்த ஒரு மரம் கொன்றது.

அண்ணன் மகள் எலிசா 1815 முதல் 1836 வரை ஏறத்தாழ நாற்பது முறை குடையில் இறங்கினார். லண்டனில் அன்று அந்த ஆட்டத்தைக் கண்டவர்களுள் காக்கிங் என்ற ஓவியர் ஒருவர். துளையை அவர் நாடவில்லை. குடையைத் தலைகீழாக்கிக் கூம்பாகச் செய்தால் ஆட்டமே இராது என்று நம்பினார். கேலி என்ற அறிஞர் முன்பே எழுதியிருந்த கருத்து அது. கருத்தில் பிழையில்லை. கூம்போ எடை மிகுந்தது. அந்த எடையைக் காக்கிங் கணக்கில் சரியாகச் சேர்க்கவில்லை. கட்டுமானமும் வலுவற்றது. 1837 ஜூலை 24 அன்று, தம் 61-ஆம் வயதில், வாக்சால் தோட்டத்திலிருந்து பலூனில் மேலே சென்று கயிற்றை விடுவித்தார். கூம்பு காற்றில் நொறுங்கியது. ஆடாமல்தான் விழுந்தார், பிழைக்கவில்லை.