கிண்டியில் ஒளிர்ந்த கதிர்

படாளத்தில் இரயிலேறிப் பாலாற்றைக் கடந்து சென்னை செல்லும் நம் மாணவர்கள் கிண்டி நிலையத்தை நன்கு அறிவர். மனித உடலில் மிகுதியாக உள்ள புரதமாகிய கொலாஜனின் வடிவத்தை உலகிற்கு முதலில் உணர்த்தியது அவ்வூர்ப் பல்கலைக்கழக வளாகமே என்பதை எத்துணைப் பேர் அறிவர்? அப்பெருமைக்குரியவர் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன்.

1922இல் எர்ணாகுளத்தில் பிறந்து, பெங்களூரில் சர் சி. வி. இராமனிடமும் பின்னர்க் கேம்பிரிட்ஜிலும் பயின்றவர் இவர். 1952இல் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் இயற்பியல் துறைக்குத் தலைவராக அழைக்க விரும்பியது இராமனையே. அவரோ தாம் வர இசையாது தம் மாணவரைச் சுட்டினார். முப்பது அகவை இளைஞரிடம் ஒரு துறையையே ஒப்படைத்த முதலியாரின் துணிவை நாம் வியக்கிறோம்.

துணைவேந்தரின் ஆதரவால் கிண்டியில் எக்ஸ் கதிர் ஆய்வுக்கூடம் எழுந்தது. கருவி வந்தால் மட்டும் போதுமா? ஆராயத்தக்க பொருள் வேண்டுமன்றோ! சென்னை வந்த அறிஞர் பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று கூறிச் சென்றார். தோலுக்கு வலிமை தருவது கொலாஜனே. வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் வணிகக் குடும்பங்களில் பிறந்தோர் அதன் பெயரை அறியாவிடினும் அதன் உறுதியைக் கையால் அறிந்தவர்கள். அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் வழியாகக் கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. அந்நாரின் ஊடே கதிரைச் செலுத்தி, படச்சுருளில் விழுந்த புள்ளிகளைக் கணக்கிட்டு, மூன்று சுருள் இழைகள் இணைந்தது கொலாஜன் என 1954இல் இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அறிவித்தனர்.

மறு ஆண்டே எதிர்ப்பு வந்தது. எதிர்த்தவர் சாமானியர் அல்லர், டி.என்.ஏ.யின் வடிவம் கண்ட கிரிக்! அவரும் ரிச்சும், கிண்டி மாதிரியில் சில அணுக்கள் அளவிறந்து நெருங்கியுள்ளன என்றனர். பிணைப்பின் நுணுக்கத்தில் பிற்கால ஆய்வுகள் அவர்கள் பக்கமே சாய்ந்தன என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. மூவிழை வடிவமோ நிலைத்தது.

இராமச்சந்திரன் வாதாடிக் காலம் கழிக்கவில்லை. இரண்டு அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கக்கூடும் என்னும் கேள்வியையே எடுத்துக்கொண்டார். அதுவரை வெளிவந்த படிக அமைப்புகளையெல்லாம் திரட்டி அளந்தார். அதன் பயனாக, புரதச் சங்கிலி எக்கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பவியலாது என்று காட்டும் வரைபடம், சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் ஆகியோருடன் 1963இல் வெளிவந்தது.

2001 ஏப்ரல் 7ஆம் நாள் அவர் சென்னையில் மறைந்தார். நோபல் பரிசு அவரை நாடி வரவில்லை. இன்றும் புதிய புரதமொன்றின் அமைப்பை எந்நாட்டவர் கண்டறிந்தாலும், அது சரிதானா என இராமச்சந்திரன் வரைபடத்தில் இட்டுப் பார்க்கின்றனர்.