தக்கையே இல்லாமல் மீன் பிடித்த வக்கீல்: யார் இந்த ஸ்க்யூஸ்?

தண்ணிக்குள்ள இருக்கும் தூண்டிலை மீன் கவ்விடுச்சுன்னு எப்படித் தெரியும்? இன்னைக்கு அதைச் சொல்ல ‘ஸ்ட்ரைக் இண்டிகேட்டர்’ என்ற குட்டித் தக்கை இருக்கு. ஆழமான, வேகமான ஆற்றுக்கு நன்றாக மிதக்கும் ஃபோம் தக்கை. மெதுவாக ஓடும் தெளிந்த நீருக்கு, மீனை மிரட்டாத இலேசான நூல் குஞ்சம்.

ஆனால், இந்த ‘நிம்ஃப்’ தூண்டில் முறையின் முன்னோடி ஜி.இ.எம். ஸ்க்யூஸுக்குக் கண்கள்தான் தக்கை.

1858-ல் நியூஃபவுண்ட்லாந்தில் பிறந்த இவர், லண்டனில் வக்கீல். லீவு கிடைத்தால் வின்செஸ்டர் அருகே இட்சன் ஆற்றுக்குக் கிளம்பிடுவார். செயற்கை ஈயை நீர்மேல் மிதக்கவிட்டு ட்ரவுட் பிடிப்பதுதான் அங்கே கௌரவம். ஆனால், அந்த மீன்கள் அதிகம் தின்பது நீருக்குள் இருக்கும் இளம்பூச்சிகளை, அதாவது நிம்ஃபுகளை என்பதை ஸ்க்யூஸ் கவனித்தார். அதே வடிவில் தூண்டில் கட்டினார். நூல் லேசாக இழுபட்டாலோ, நீருக்குள் மீன் புரண்டு மினுங்கினாலோ சுண்டி இழுத்தார்.

1910-ல் புத்தகமும் எழுதினார். எதிர்ப்பு ஓயவில்லை. 1938-ல் லண்டன் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் விவாதமே நடந்தது. அதே ஆண்டு, 80 வயதில், அரை நூற்றாண்டாக மீன்பிடித்த அந்த இடத்தைவிட்டே விலகினார். 1949-ல் மறைந்தார்.

அவர் முறை ஜெயிச்சிடுச்சு. தக்கை எதுவானாலும், முதலில் ஆற்றைப் பாருங்க!