மணலின் வேகத்தை அறிந்தவர்

தாம்பரத்தில் 1984இல் ஏற்றுமதி மண்டலம் தொடங்கப்பட்டபோது, மின்னணுத் தொழிலுக்குச் சென்னையின் தெற்குப் புறநகரில் ஒரு புதிய வாசல் திறந்தது. அதைச் சுற்றிலும் சிறு பணிக்கூடங்கள் பல முளைத்தன. அவற்றில் ஒன்றில்தான் நான் தொழில் பழகினேன். கூடத்தின் ஒரு மூலையில் கண்ணாடிச் சாளரம் வைத்த இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. பக்கவாட்டில் இரண்டு துளைகள். அவற்றில் ரப்பர் கையுறைகள். கம்ப்ரஸரை ஓடவிட்டுக் கைகளை உள்ளே நுழைத்து, குழல்முனையிலிருந்து சீறிவரும் துகள்களில் பொருளைக் காட்டினால் போதும். துரு, பழைய பூச்சு, கருகிய பசை எல்லாம் நொடியில் அகன்றுவிடும்.

பழுதுபார்க்க வந்த மின்சுற்று அட்டைகள் சிலவற்றின் மேற்பூச்சை அதே பெட்டியில் நீக்கலாம் என்று எனக்கு ஒருநாள் தோன்றியது. அட்டைகள் புதியவைபோல வெளியே வந்தன. ஆனால், அவற்றில் பாதிக்கு மேல் உயிரில்லை. கீறல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. வறண்ட காற்றோடு துகள்கள் உரசும்போது பல ஆயிரம் வோல்ட் நிலைமின்சாரம் உண்டாகும் என்பதும், சில்லுகளுக்குள் இருக்கும் மிக மெல்லிய காப்புப்படலத்தைத் துளைக்க அதில் சிறு பங்கே போதும் என்பதும் பிறகுதான் புரிந்தது. அந்தப் பிழையைச் செய்த பின்னர்தான், இந்தக் கருவியை முதலில் எண்ணியவர் யார் என்று தேடினேன். கிடைத்த பெயர் பெஞ்சமின் சியூ டில்மன்.

டில்மன் 1821இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் பிறந்தார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் படித்துச் சட்டமும் கற்றார். ஆனால், வழக்காடும் தொழிலில் அவர் மனம் ஒட்டவில்லை. வேதியியலில் தேர்ந்தவரான சகோதரர் ரிச்சர்டுடன் சேர்ந்து ஆய்வுகளில் இறங்கினார்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது அவர் நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். வசதியான குடும்பத்தவர், ஒதுங்கி நின்றிருந்தாலும் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ 26ஆவது பென்சில்வேனியா காலாட்படையில் சேர்ந்து, அதன் தலைமைக்கு உயர்ந்தார். 1863 மே மாதத்தில் சான்சலர்ஸ்வில் போரில் காயமடைந்தார். உடல் தேறியதும் அவர் ஏற்ற பொறுப்புதான் என்னை அவர்பால் ஈர்த்தது. கறுப்பின வீரர்களைக் கொண்டு ஃபிலடெல்ஃபியாவுக்கு அருகே திரட்டப்பட்ட 3ஆவது படைப்பிரிவுக்கு அவர் தலைமையேற்றார். அத்தகைய படைகளை நடத்திய வெள்ளை அதிகாரிகளை எதிரிகள் குற்றவாளிகளாகவே நடத்துவதாக அறிவித்திருந்த காலம் அது. தெற்கு கரோலினாவின் வாக்னர் கோட்டை முற்றுகையில் அந்தப் படை பங்கேற்றது. போரின் முடிவில் அவருக்கு பிரிகேடியர் ஜெனரல் என்ற மதிப்புப் பட்டம் கிடைத்தது.

போர் முடிந்ததும் சகோதரர்கள் மீண்டும் ஆய்வுக்குத் திரும்பினர். சல்பூரஸ் அமிலக் கரைசலில் மரத்துண்டுகளை வேகவைத்துக் காகிதக் கூழ் எடுக்கும் முறையை டில்மன் கண்டறிந்தார். முறை சரியாகவே இருந்தது. அமிலத்தையும் அழுத்தத்தையும் தாங்கக்கூடிய கொப்பரைதான் அன்று இல்லை. உட்புறம் பதித்த ஈயத்தகடுகள் ஒழுகின, பணம் கரைந்தது, கைவிட்டார். சில ஆண்டுகளில் ஸ்வீடனில் எக்மன் அதே வழியில் வெற்றி கண்டார். பல தலைமுறைகள் செய்தித்தாள் வாசித்ததில் டில்மனுக்கும் ஒரு பங்குண்டு என்பதைச் செய்தித்தாளில் எழுதும்போதாவது சொல்லிவிடத் தோன்றுகிறது.

1870 அக்டோபர் 18 அன்று அவர் பெற்ற காப்புரிமைதான் மணல் வீச்சுக்கு உரியது. காற்றில் பறந்துவரும் மணல் சாளரக் கண்ணாடிகளை மங்கச்செய்வதைக் கண்டு இந்த எண்ணம் அவருக்கு உதித்தது என்பார்கள். கடற்கரையையொட்டி வாழும் நமக்கு அது புதிய காட்சியன்று. எல்லோரும் பார்த்ததை அவர் அளந்து பார்த்தார் என்பதே வேறுபாடு. நீராவியாலோ அழுத்தக் காற்றாலோ மணலை உந்தினால், தன்னைவிடக் கடினமான பொருளையும் அது அரித்துவிடும். கடினத்தைவிட வேகமே முக்கியம் என்று காட்டினார்.

அதைவிட வியப்பானது மற்றொன்று. உடையும் தன்மையுள்ள கண்ணாடியும் கல்லும் மணலுக்கு இரையாகின்றன. வளைந்து கொடுக்கும் ரப்பரும் காகிதமும் பின்னல் துணியும் தப்பிவிடுகின்றன. கண்ணாடியின்மேல் ஒரு பின்னல் துணியை விரித்து மணலை வீசினால், துணிக்குச் சேதமின்றி அதன் கோலம் கண்ணாடியில் பதிந்துவிடும். இலண்டனில் ஜான் டிண்டல், நயாகரா அருவி பாறையைக் குடைவதை விளக்க இந்தக் கருவியையே எடுத்துக்காட்டாகக் கொண்டார்.

அந்த மணல் பின்னர் கல்லறைகளுக்குச் சென்றது. உள்நாட்டுப் போரில் மாண்டவர்களுக்கு அரசு எழுப்பிய நினைவுக்கற்களுக்கு, வெர்மாண்ட் மாநிலப் பளிங்குப் பட்டறைகளில் மணல் வீச்சைக் கொண்டு பெயர்கள் பொறிக்கப்பட்டன. உளியால் செதுக்கியிருந்தால் பல்லாண்டுகள் ஆகியிருக்கும். தன்னோடு களத்தில் நின்றவர்களின் பெயர்களும் தன் கருவியால் கல்லில் எழுந்ததை டில்மன் எப்படி எண்ணியிருப்பார் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

மின்னணுவியலுக்கு அது வந்த வழி பல் மருத்துவத்தைச் சுற்றி வந்தது. 1940களில் டெக்சாஸைச் சேர்ந்த பல் மருத்துவர் ராபர்ட் பிளாக், நுண்ணிய அலுமினாத் துகளை வீசிச் சொத்தைப்பல்லைச் சுத்தம் செய்யும் முறையை உருவாக்கினார். அந்தக் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்த எஸ்.எஸ். ஒயிட் நிறுவனம், டில்மனின் ஊரான ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கப்பட்டது. பல் மருத்துவர்கள் வேகமாகச் சுழலும் துரப்பணத்துக்கு மாறிய பிறகு, ஊசிமுனை போன்ற அந்தக் குழலுக்குத் தொழிற்சாலைகளில் வேலை கிடைத்தது. லேசர் பரவுவதற்கு முன், பீங்கான் தகட்டில் அச்சிட்ட மின்தடைகளைச் சிறிது சிறிதாக அரித்து அளவைச் சரிசெய்தது அதுதான். மேற்பூச்சை நீக்க இன்றும் பயன்படுகிறது. ஆனால் மணல் கூடாது. சமையல் சோடா அல்லது மென்மையான நெகிழித்துகள் வேண்டும். காற்று அயனிகள் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். அட்டை நிலத்தொடர்போடு இருக்க வேண்டும். தங்கமுலாம் பூசிய முனைகளின் பக்கம் துகளைக் காட்டவே கூடாது. எங்கள் ஊரின் ஈரக்காற்று நிலைமின்சாரத்தைக் குறைக்கும் என்று மகிழவும் முடியாது. ஈரம் ஏறினால் துகள் கட்டிதட்டிக் குழலை அடைத்துவிடும். அதற்காகக் காற்றை உலர்த்தினால் நிலைமின்சாரம் திரும்பிவிடும்.

சில்லுகள் செத்தது பணநட்டம். அந்தக் கூடத்தில் அதைவிடப் பெரிய இழப்பும் நேர்ந்தது. இரும்புப் பெட்டியில் நுழையாத பெரிய வார்ப்புகளைப் பின்புற முற்றத்தில் ஆற்றுமணலை வீசித் தூய்மை செய்த பெரியவர் ஒருவர் இருந்தார். முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொள்வார். வேறு காப்பு இல்லை. ஆண்டுக்கணக்காக இருமிக்கொண்டிருந்தார். காசநோய் என்றே எல்லோரும் நம்பினோம். நெஞ்சக மருத்துவர் ஒருவர் அவருடைய தொழிலைக் கேட்ட பிறகுதான் சிலிகோசிஸ் என்ற பெயர் எங்கள் காதில் விழுந்தது. நுரையீரலில் படிந்த சிலிகாத் தூசி திசுவைத் தழும்பாக்கி இறுக்கிவிடும். அதைக் கரைக்கும் மருந்து இல்லை. வளைந்து கொடுப்பவற்றை மணல் விட்டுவிடும் என்ற டில்மனின் விதி, உடலுக்குள் நுழைந்த தூசிக்குப் பொருந்தவில்லை.

டில்மன் இதை எண்ணிப் பார்த்ததாக நான் படித்தவற்றில் எங்கும் இல்லை. அவர் காப்புரிமை பெற்ற அதே 1870இல்தான், காற்றில் மிதக்கும் தூசியை ஒளிக்கற்றையில் காட்டி, அதற்கும் நோய்க்கும் உள்ள உறவைப் பற்றி டிண்டல் இலண்டனில் உரையாற்றினார். மணல் வீச்சைப் புகழ்ந்தவரும் அவரே. இரண்டும் ஒரே மனிதரின் மேசையில் இருந்தும் ஒன்றையொன்று தொடவில்லை.

மாற்றும் டில்மனிடமே இருந்தது. உருகிய இரும்பைச் சிறு குண்டுகளாக உறையச்செய்து, கல் அறுக்கவும் தேய்க்கவும் பயன்படுத்தும் முறையையும் அவர் உருவாக்கியிருந்தார். இரும்புக்குண்டில் சிலிகா இல்லை. வார்ப்புகளைத் தூய்மை செய்ய மணலைப் பயன்படுத்தக் கூடாது என்று பிரிட்டன் விதி வகுத்தது 1949இல்; டில்மன் மறைந்து அரை நூற்றாண்டு ஆகவிருந்தது. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், சிலிகோசிஸை அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாகச் சேர்த்திருந்தது. ஆனால், பதிவேட்டில் பெயரே இல்லாமல் முற்றத்தில் நின்று மணல் வீசிய தினக்கூலியை அந்தச் சட்டம் எப்படிக் கண்டறிந்திருக்கும்? எங்கள் பெரியவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

நெஞ்சக நோய்க்கென்றே பெயர்பெற்ற ஊரில் இது நடந்தது. இங்கிலாந்தில் கணிதமேதை ராமானுஜனுக்குச் சிகிச்சையளித்த டாக்டர் சௌரி முத்து, 1928இல் இங்கே நிறுவிய காசநோய் இல்லத்தால்தான் ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்ற பெயர் வந்தது.

டில்மன் 1901இல் காலமானார். பெரியவர் வேலையை விட்டு ஊருக்குப் போனபோது, பேருந்து வரை நான் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். மறுவாரம் அந்த முற்றத்தில் வேறொருவர் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார்.